கறுப்புத் தாள் ஒட்டிய பக்கம்

முறிந்துபோன தன் முதல் கல்யாணத்தைப் பற்றிய பக்கத்தை மறைக்க வேண்டும் என்று அக்கா வழக்குப் போட்டு ஜெயித்துவிட்டதால், மணிமொழி தன் சுயசரிதையின் ஒவ்வொரு பிரதியிலும் அங்கே கறுப்புத் தாள் ஒட்டியிருந்தாள். புத்தகக் கண்காட்சியில் அதைக் கையிலெடுத்தவர்கள் எல்லாரும் நேராக அந்தப் பக்கத்துக்கே போய் நகத்தால் சுரண்டினார்கள். ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க அக்காவே வந்து ஒரு பிரதியைப் பிரித்தாள். பக்கத்தில் நின்ற ஆள் மேஜைக்குப் பின்னால் இருந்த மணிமொழியைக் காட்டித் தன் மனைவியிடம், "இவங்க அக்காவைப் பத்தினதாம். கொலையாத்தான் இருக்கும்," என்றார்.

அக்காவுக்கு முகம் வெளிறியது. "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லேன்னு சொல்லேன்டி."

"நான் வாயத் திறந்தா கோர்ட்டு உத்தரவை மீறினதா ஆயிடும்க்கா."

அக்காவின் நகம் கறுப்புத் தாளின் ஓரத்தைத் தேடியது. அந்தக் கையைப் பிடிப்பதா விடுவதா என்று மணிமொழி தவித்தாள். அதற்குள் அந்த ஆள் செல்போனை உயர்த்திவிட்டார்.