மூடாத கண்

இறந்தவர் முகத்தில் கண் ஒட்டவில்லை என்று மேலூரிலிருந்து முபீனாவுக்குப் போன் வந்தது.

பேசியது அழகுராஜா. அண்ணன் சோணைமுத்து காலையில் மாரடைப்பில் போய்விட்டாராம். குளிப்பாட்டிய பிறகு செயற்கைக் கண் நிற்கவே மாட்டேன் என்கிறதாம். செய்தவரே வந்து ஒட்டித் தரவேண்டும் என்றான்.

கல்குவாரி வெடியில் சோணைமுத்துவுக்கு வலது கண்ணும் கன்னத்து எலும்பும் போயிருந்தன. கண், இமை, கன்னம் எல்லாம் சேர்ந்த சிலிகான் துண்டைச் செய்து கொடுத்தவள் முபீனா. வெயிலில் நிறம் வெளுக்கும்போதெல்லாம் மதுரைக்கு வந்து புதிதாகச் செய்து வாங்கிப் போவார். குறை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

பசையோடு கிளம்பிப் போனாள்.

நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் மனைவி முத்துமீனா அழாமல் உட்கார்ந்திருந்தாள்.

கண்குழியைச் சுற்றித் தோல் வெந்து புண்ணாகிக் கிடந்தது. ராத்திரி கழற்றி வையுங்க அண்ணே என்று முபீனா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அழகு பார்த்தே கெடுத்துக்கொண்டார் மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள். குளிர்ந்த தோலில் பசை பிடிக்கும்வரை விரலால் அழுத்தினாள்.

கையை எடுத்துவிட்டு முகத்தைப் பார்த்தாள்.

இடது பாதி சாம்பல் பூத்து, கண் மூடிக் கிடந்தது. வலது பாதி மட்டும் உயிர் நிறத்தோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒப்பாரி நின்றுபோனது.

"அத மூட முடியாதா மேடம்?" அழகுராஜா மெதுவாகக் கேட்டான்.

"முடியாதுங்க. திறந்த கண்ணாத்தான் செஞ்சது."

முத்துமீனா எழுந்தாள். சிலிகான் துண்டின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து உரித்தாள். அது பசையோடு இழுபட்டு வந்தது. குழியைப் பார்த்ததும் இரண்டு பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசி நேரத்தில் புருசனை இப்படி அசிங்கப்படுத்துகிறாளே, கல்நெஞ்சுக்காரி என்று யாரோ முணுமுணுத்தார்கள். முபீனாவுக்கும் அப்படித்தான் தோன்றியது.

"மதினி, ஊரே வந்திருக்கு. வெறுங்குழியோட எப்படித் தூக்கிட்டுப் போறது?" என்றான் அழகுராஜா.

முத்துமீனா புண்ணில் ஒட்டியிருந்த பசையை முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

"அவருக்கு வேணும்னு ஒருநாளும் மாட்டல தம்பி. எரியுது, எரியுதுன்னு என்கிட்ட மட்டும் சொல்லுவாரு. பாக்குறவுக பயந்துரக் கூடாதுன்னுதான் தூங்கையிலகூடக் கழட்டல. இப்பவாச்சும் காத்தாடப் போகட்டும். இன்னைக்கு ஒருநாள் நீங்க பயந்துக்கங்க."