சிமெண்ட் பால்

பொன்னுரங்கம் கான்கிரீட் பம்ப் தொழில் தொடங்கிய முதல் நாள். மாலையும் சந்தனமுமாக நின்ற புது பம்ப், ஓரமாகக் கிடந்த, கான்கிரீட் சுமக்கும் இரும்புச் சட்டியிடம், "இனிமே உனக்கு லீவுதான்" என்றது.

"பேச்சு அப்புறம். காஞ்ச தொண்டையில கான்கிரீட் இறங்காது. முதல்ல சிமெண்ட்டைக் கரைச்சு சிமெண்ட் பால் ஊத்து" என்றது பம்ப்போடு பூட்டியிருந்த குழாய்.

"அதுக்கெல்லாம் நேரமில்ல" என்று பம்ப் கான்கிரீட்டைத் தள்ளியது. பாதி வழியில் குழாய் அடைத்துக்கொண்டது. லாரியில் மிச்சக் கான்கிரீட் இறுகத் தொடங்கியது. பம்ப்புக்கு அழுகையே வந்துவிட்டது.

குழாயைக் கழற்றித் தட்டிக் காலி செய்தார்கள். சட்டி ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. கரைத்த சிமெண்ட்டைச் சுமந்துவந்து ஊற்றியது. அப்புறம் கான்கிரீட் மூன்றாம் மாடிவரை வழுக்கிக்கொண்டு ஏறியது.

மறுநாள் அடுத்த வேலைக்குக் கிளம்பும்போது பம்ப் நகரவே இல்லை. பொன்னுரங்கம் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"என்னப்பா ஆச்சு?" என்றது குழாய்.

"ஒண்ணுமில்ல. சட்டி இன்னும் வண்டியில ஏறல."