கூரையில் தொங்குகிறவன்

“அவனைத் தொடாதே, சனயே. சாயங்காலம் நான் வர்ற வரைக்கும் அப்படியே தொங்கட்டும்.”

தொகிதா வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே சொன்னார். கூடத்தில் முகத்தைக் கறுப்புத் துணியால் மூடிய ஒருவன், கோட்டைக் கூரையின் விளிம்பை ஒற்றைக் கையால் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான்.

“தொங்கட்டும், எனக்கென்ன?” என்றாள் சனயே. “டிவி மேல தூசியாவது தட்டலாமா?”

“அந்தப் பக்கமே போகாதே. வாக்குவம் கிளீனரை இன்னைக்கு வெளிய எடுக்காதே. ஒயர்ல கால் பட்டாப் போதும், அவன் கதை முடிஞ்சுது.”

நாலு மாதமாகத் தொகிதாவின் உயிரை எடுத்துக்கொண்டிருந்த நிஞ்சா அவன். பழைய காலத்து விளையாட்டுப் பெட்டியில் போட்டு ஆடுவதற்கென்றே சனயேயின் தம்பி ரியோஜி எழுதிய வீடியோ கேம். எல்லாம் அந்தக் காலம் மாதிரியே இருக்க வேண்டுமென்று, விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியைக்கூட அந்தப் புண்ணியவான் வைக்கவில்லை. பெட்டி அணைந்தால் மறுபடி முதல் லெவல்தான்.

கொடுக்கும்போதே அவன் சீண்டிவிட்டுத்தான் கொடுத்தான். “இதுவரைக்கும் இதை முடிச்சது ஒரே ஒரு ஆள்தான், அத்தான். உங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?”

அந்த ஒரே ஆள் ரியோஜியேதான் என்பதில் தொகிதாவுக்குச் சந்தேகமில்லை. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை மனுஷனுக்கு. இன்றைக்கு ராத்திரி ஏழு மணிக்கு மைத்துனன் கேமைத் திருப்பி வாங்கிக்கொள்ள வருகிறான்.

விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து உட்கார்ந்ததில், முதல்முறையாக இன்றுதான் கோட்டைக் கூரை வரை வந்திருந்தார். கையில் ஒரே ஒரு உயிர். மேலே ஏறினால் கடைசி வில்லன். ஆனால் மணி ஏழு இருபது ஆகிவிட, ரயிலைப் பிடிக்க, பெட்டியை அணைக்காமல் ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று.

நம்பாவில் ஆபீஸ். காலை முழுக்க அவர் கட்டைவிரல் மேஜையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. மதியம் பன்னிரண்டரைக்கு ஒரு காகிதக் கட்டு வந்தது. வழக்கம்போல எதையும் படிக்காமல் தன் பெயர் முத்திரையைக் குத்திக்கொண்டே போனவர், ஏழாவது காகிதத்தில் கையை நிறுத்தினார்.

இதே முத்திரையை இதே மாதிரி செவ்வாய்க்கிழமையும் குத்தியிருந்தார். அடுக்குமாடிச் சங்கத்தின் சுற்றறிக்கை. அதில் ஏதோ மின் பரிசோதனை என்று இருந்த ஞாபகம். உடனே தாழ்வாரத்துக்கு ஓடி வீட்டுக்குப் போன் போட்டார்.

“இன்னைக்குக் கரண்ட் நிறுத்தறாங்களா?”

“ஒண்ணுலேருந்து மூணு வரைக்கும். படிச்சுட்டேன்னு நீங்கதானே முத்திரை குத்திக் கொடுத்தீங்க?”

“காலையில சொல்லக் கூடாதா நீ?”

“தெரிஞ்சுதான் விட்டுட்டுப் போறீங்கன்னு நெனச்சேன்.”

“ஏதாவது பண்ணேன், சனயே.”

“கட்டடத்துக்கே கரண்ட் போகுதுங்க. நான் என்ன, கையால சுத்தியா ஓட்ட முடியும்?”

தொகிதா போனை வைத்தார். நாலு மாதம் போயிற்று. ஏழு மணிக்கு ரியோஜி வந்து பல்லைக் காட்டப் போகிறான், இனி ஆயுசுக்கும் காட்டுவான். அந்த நினைப்பே அவருக்குக் கசந்தது.

மூன்றரைக்கு ஒரு போன், நாலரைக்கு ஒரு போன். இரண்டையும் சனயே எடுக்கவில்லை. ஐந்தரை அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவரை ஆபீஸே திரும்பிப் பார்த்தது. ரயிலில் இடம் இருந்தும் உட்காராமல் கதவோரமே நின்று, வீடு இருக்கிற கிஷிவாடா வரை வந்தார்.

வீட்டில் அடுப்பு பற்ற வைத்த வாசனையே இல்லை. மேஜையில் கடையில் வாங்கிய ஏதோ எண்ணெய்க் காகிதப் பொட்டலம். உள்ளே ஆறிப்போன நாலு கொரொக்கே, உருளைக்கிழங்குக் கட்லெட். சனயே ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

தொகிதா பயந்து பயந்து டிவி பக்கம் திரும்பினார்.

கூரையின் விளிம்பை ஒற்றைக் கையால் பிடித்து நிஞ்சா தொங்கிக்கொண்டிருந்தான். காலையில் விட்ட அதே ஓடு, பின்னால் அதே நிலா. மேல் மூலையில் உயிரைக் காட்டும் சிவப்புத் தலைகள் மூன்றும் பளிச்சென்று எரிந்தன.

தொகிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. போட்டிருந்த கோட்டுகூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து, கன்ட்ரோலரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அது வெதுவெதுப்பாக இருந்தது.

“தப்பிச்சேன் போ. பரிசோதனையைத் தள்ளி வெச்சுட்டாங்களா?”

“இல்லையே. சரியா ஒரு மணிக்குக் கரண்ட் போச்சு, மூணு மணிக்குத்தான் வந்துது.”

தொகிதா மனைவியைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், மறுபடி மனைவியைப் பார்த்தார்.

சனயே கட்டைவிரலை மெல்ல நீவிவிட்டுக்கொண்டே சொன்னாள்:

“கடைசி ஆளை மட்டும் உங்களுக்கு விட்டு வெச்சிருக்கேன்.”