ஒரே ஒரு குமிழி

ஒரு குமிழியாவது வந்துவிடாதா என்று விசாலம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் குடியிருந்த நிக்டி காலனியின் பார்க்கிங்கில், துணி ஊறவைக்கும் பெரிய டப்பில் சோப்புத் தண்ணீர். அதற்குள் படகு மோட்டாரின் அடிப்பகுதி விசிறியோடு முழுகிக் கிடந்தது. எண்ணெயை வடித்துவிட்டுக் கைப்பம்பால் உள்ளே காற்றடைத்திருந்தார் மெக்கானிக் ஜெபமணி. எந்த இடத்தில் லீக்கோ அந்த இடத்தில் குமிழி வருமாம்.

பம்பின் மீட்டரில் முள் பன்னிரண்டில் நின்றது; லீக் இருந்தால் அது இறங்கும். காற்றடைத்த நேரத்தைத் தரையில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்: 9.40. ராணுவப் படகுப் பிரிவில் ஜம்பு சாப் கற்றுக்கொடுத்த பழக்கம்.

ஜம்பு விசாலத்தின் கணவர். ரிட்டயராகிப் பதினோரு வருடமாகியும், அணைக்கரைப் படகுக் கிளப்பின் மோட்டார் எது படுத்தாலும் அவர் கைக்குத்தான் வரும்.

இந்த ஒன்று மட்டும் ஒரு மாதமாக அவரைத் தலையால் தண்ணீர் குடிக்க வைத்துக்கொண்டிருந்தது. ஊற்றிய எண்ணெய் இரண்டே நாளில் குறைந்தது. தரையெல்லாம் எண்ணெய்ப் பொட்டு. எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலை மாற்றினார். மறுபடியும் மாற்றினார். கடைசியில், வாட்ச்மேன் சுனில்தான் வேண்டுமென்றே எண்ணெயைத் திறந்துவிடுகிறான் என்று அரைகுறை மராத்தியில் காலனியே கூடும்படி கத்தினார். கல்யாணமாகி முப்பத்துநாலு வருடத்தில் அவர் குரல் அப்படி உயர்ந்து விசாலம் கேட்டதில்லை.

நகரின் மறுகோடியில் மகர்பட்டாவிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் மகன் கௌஷிக், அப்பாவை மறதிக்கு ஒரு டாக்டரிடம் காட்டச் சொன்னான்; அதுவரை ஸ்கூட்டர் எடுக்க விட வேண்டாம் என்றான். உங்கப்பா மூளை சரியாகத்தான் இருக்கிறது, மோட்டார்தான் சரியில்லை என்று அவள் ஒவ்வொரு முறையும் அவன் வாயை அடைத்தாள். அதை நிரூபிக்கத்தான் கேம்ப் பகுதியிலிருந்து ஜெபமணியை வரவழைத்திருந்தாள். தன் வேலையில் அடுத்தவர் கைவைக்க விடாத ஜம்பு, இதற்கு மட்டும் மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டினார்.

ஜெபமணி விசிறியைக் கையால் சுற்றினார். முன்னும் பின்னும் அசைத்தார். தண்ணீர் கம்மென்று கிடந்தது.

கடவுளே, சீல் கிழிந்திருக்கட்டும் என்று உலகத்தில் எந்தப் பெண்டாட்டியாவது வேண்டிக்கொண்டிருப்பாளா? விசாலம் வேண்டிக்கொண்டாள். பிள்ளையாருக்குப் பதினோரு தேங்காய்கூட நேர்ந்துகொண்டாள்.

மணி பத்தே முக்கால். முள் பன்னிரண்டை விட்டு இம்மியும் இறங்கவில்லை.

ஜெபமணி மோட்டாரை லேசாகத் தூக்கி, எண்ணெய் வடிக்கும் அடி ஸ்க்ரூவைத் துடைத்துப் பார்த்தார். போன வாரம் போட்ட புது ஸ்க்ரூ. திருகும் பள்ளம் அதற்குள் தேய்ந்து பளபளத்தது.

"இந்த ஸ்க்ரூவ யாராச்சும் அடிக்கடி கழட்டுறாங்களா, அக்கா?"



விசாலத்துக்குத் தெரியும். பால்கனியிலிருந்து பார்த்திருக்கிறாள். அந்த ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி, நாலு சொட்டு விரலில் வாங்கி, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடுக்குவது ஜம்புவின் காலை வேலை. நாளுக்கு ஒரு தடவை. நேற்று ஏழு தடவை இறங்கிப் போய், தரையில் எண்ணெயை ஒழுகவிட்டு வந்தார். இன்றைக்கு இன்னும் பார்க்கவில்லை என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டே போனார்.

ஏழு தடவை பார்த்தால் என்ன, லீக்கும் இருக்கலாமே என்று இவ்வளவு நேரம் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

யாரும் தொடுவதில்லை என்றாள். ஜெபமணி அவள் முகத்தைப் பார்த்தார். மோட்டாரை மறுபடி தண்ணீருக்குள் இறக்கினார்.

படியில் செருப்புச் சத்தம். குளித்து, விபூதி இட்டு, ஜம்பு இறங்கி வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் விசாலம் முந்திக்கொண்டாள்.

"சீல்தானாம். நீங்க சொன்னதுதான் சரியாப் போச்சு."

ஜெபமணி தலையை மட்டும் ஆட்டினார். ஜம்பு சாப்பிடம் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ஜம்பு டப்பின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தண்ணீரைப் பார்த்தார். தரையில் எழுதியிருந்த நேரத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு முள்ளைப் பார்த்தார்.

அந்த முள்ளைப் படிக்க ஜெபமணிக்குக் கற்றுக்கொடுத்ததே இவர்தான் என்பது விசாலத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயோ என்றிருந்தது.



"ஆமா," என்றார் ஜம்பு கடைசியில். "சீல்தான்."

எழுந்து, சட்டைப்பையைத் துழாவி, தன் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். அதை விசாலத்தின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

விசாலத்துக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது.