ஆறாயிரம் மரங்கள்

சாயப்பட்டறைத் தொழிலாளி நாச்சிமுத்து, தாயின் பாடைக்கு முன்னால் கொள்ளிச்சட்டியோடு நின்றான். பட்டறையின் மாசுக் கணக்கைப் பார்க்கும் பசுமை அதிகாரி ஷர்மிளா வழியை மறித்தாள்.

"எரிக்கக் கூடாதுங்க. தொழிலாளி வீட்டுப் புகையும் கம்பெனியோட வருசாந்தர மாசு அறிக்கையில ஏறுது. புதைச்சிருங்க."

அவள் முதுகுக்குப் பின்னால் பட்டறையின் புகைபோக்கி கரும்புகையைக் கக்கிக்கொண்டிருந்தது.

"அந்தப் புகை ஏறாதுங்களா?"

"அதுக்கு ஈடா ஓடைக்கரையில ஆறாயிரம் மரம் நட்டிருக்கோம்."

"அத்தனையும் நட்டது எங்கம்மாதானுங்க."

"கூலி குடுத்தாச்சுல்ல? மரம் கம்பெனியோடது. பொணம்தான் உங்களோடது."

 நாச்சிமுத்து கொள்ளிச்சட்டியை ஏந்தியபடி, சுடுகாட்டு வழியை விட்டு, அம்மா நட்ட மரங்கள் நிற்கும் ஓடைக்கரைப் பக்கம் திரும்பி நடந்தான். பாடை தூக்கியவர்களும் அவன் பின்னால் போனார்கள்.