அரையடி பின்னால்

“கூட்டிக்கொண்டு போறவரை முழங்கைக்கு மேல பிடிக்கவேணும். அரையடி பின்னால நடக்கவேணும்.”

கொட்டாஞ்சேனையில் நான் நடத்தும் பார்வையற்றோர் சங்கத்தில் எல்லாருக்கும் முதல் பாடம் அதுதான். அன்று பாடம் முடிவதற்குள் ராணுவம் வந்து, எல்லாரையும் வாசலில் வரிசையாக நிறுத்தியது.

ஜீப்பில் தலையாட்டி இருந்தான். முகத்தை மூடிய சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. தோளில் ஒரு சிப்பாயின் கை. அவன் தலையாட்டினால் எதிரே நிற்பவன் புலி. பிறகு பேச்சில்லை.

என்னிடம் படிக்கும் வலன்ரைன் முன்னால் வந்ததும் தோளிலிருந்த கை அழுத்தியது; சாக்கு மேலும் கீழும் ஆடியது.

அதிகாரியிடம் சிங்களத்தில் மன்றாடினேன். “சேர், இவருக்குக் கண் தெரியாது! போன மாசம் எங்கட அழகுமுத்துவையும் இப்பிடித்தான் செக்பொயின்ற்றில பிடிச்சீங்கள். இன்னும் ஆளைக் காணேல்லை.”

“கண் தெரியாதெண்டு எல்லாரும் நடிக்கிறதுதான்.” அதிகாரி தலையாட்டியைக் காட்டினார். “இவன் கண்ணால கண்டவன்.”

வலன்ரைனை ஜீப்பில் ஏற்றினார்கள். “ரீச்சர், என்னைக் காட்டிக் குடுத்தது ஆர்?” என்று கேட்டார்.

“தெரியேல்லை வலன்ரைன். முகத்தை மூடியிருக்கு.”

அடுத்த வீட்டைச் சோதிப்பதற்காகத் தலையாட்டியை இறக்கினார்கள். அவன் கை காற்றில் துழாவியது. சிப்பாயின் கை தட்டுப்பட்டதும் முழங்கைக்கு மேல் பிடித்துக்கொண்டான். அழகுமுத்துவுக்கு நான் பழக்கியபடியே, அரையடி பின்னால் நடந்தான்.

“ரீச்சர், ஆளை இறக்கின சத்தம் கேட்டுது. இப்பவாவது ஆரெண்டு தெரியுதா?”

“இல்லை,” என்றேன்.