துண்டு போட்டுப் பேசிய விலை

அப்பா பெலிக்ஸ் இறந்தபின், திண்டுக்கல் வெங்காயப் பேட்டையிலிருந்த அவருடைய கமிஷன் கடையை பிரிஸ்கில்லா எடுத்து நடத்தினாள். மேனேஜர் தங்கமுத்து அப்பா காலத்து ஆள். அப்போதெல்லாம் வியாபாரிகள் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்துத்தான் விலை சொல்வார்கள். இப்போது கேரளத்திலிருந்து போனிலேயே விலை வருகிறது. தங்கமுத்து அந்தப் போன்மேலும் துண்டைப் போர்த்திவிட்டுத்தான் பேசுவார். மறுமுனையில் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது.

அன்று காலை டீ வந்ததும் அவள் சொல்லிவிட்டாள்.

“மாமா, இனிமே வீட்ல இருங்க. இந்த வேலை உங்களுக்கு ஒத்துவராது.”

“சரி பாப்பா. போறதுக்கு முன்னாடி ஒரு தடவ கையக் குடு.”

மேஜைமேல் அவள் நீட்டிய கையைத் துண்டால் மூடினார். உள்ளே ஒரு கை வந்து அவள் விரல்களைப் பற்றியது. சொரசொரப்பான, கதகதப்பான கை. ஆள்காட்டி விரலில் பாதி இல்லை. சின்ன வயதில் சர்ச்சுக்குப் போகும்போது, ரோட்டைக் கடக்க அப்பாவின் அந்த மொட்டை விரலைத்தான் அவள் பிடித்துக்கொள்வாள்.

நிமிர்ந்து பார்த்தாள். தங்கமுத்து டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை.

“விலை படிஞ்சிருச்சா பாப்பா?”

“இன்னும் இல்ல மாமா. செத்த நேரம் இருங்க.”

பிரிஸ்கில்லா மற்றொரு கையையும் துண்டுக்குள் விட்டாள்.